ஹோம்டவுன் சா சா சா பார்த்தவங்க வாங்க: ஊர் பிடிச்சிருக்கு, ஹீரோ விஷயம்தான் உறுத்துது

கோபிக்காரி (கோபிசெட்டிபாளையம்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி எபிசோடு வரை எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள்.

அம்மாவும் நானும் சேர்ந்து ஹோம்டவுன் சா சா சா பார்த்து முடித்தோம். நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை வந்த கொரியத் தொடர், 16 எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். இது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஸ்க்விட் கேம் வந்து எல்லோரையும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது, நானும் அந்தக் கூட்டத்தோடு போனதில் இது இத்தனை காலம் விட்டுப்போய்விட்டது.

கதை சுருக்கமாக: சியோலில் பல் டாக்டராக இருக்கும் ஹே ஜின், தேவையில்லாத வைத்தியத்தை நோயாளி தலையில் கட்டச் சொல்லும் முதலாளியோடு சண்டை போட்டு வேலையை விடுகிறாள். அப்புறம் வேறெங்கும் வேலை கிடைக்காமல் கோங்ஜின் என்ற கடலோர ஊரில் சொந்தமாகக் கிளினிக் போடுகிறாள். அந்த ஊரில் ஹோங் டூ சிக் என்று ஒருவன். இவனுக்கு வேலை என்று தனியாக ஒன்று கிடையாது, ஊரில் இருக்கிற எல்லா வேலையும் இவன் வேலைதான். வீடு பிடித்துக் கொடுப்பான், டைல்ஸ் ஒட்டுவான், கடையில் நின்று காபி போடுவான், எதைச் செய்தாலும் அரசாங்கம் சொன்ன குறைந்தபட்சக் கூலியை மணிக்கணக்குப் போட்டு வாங்கிக்கொள்வான், ஒரு காசு கூடக் கேட்க மாட்டான். ஷின் மின் ஆவும் கிம் சன் ஹோவும் இந்த இரண்டு பேராக நடித்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் கன்னத்தில் குழி, அதுக்கே பாதிப் பேர் விழுந்திருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது என்றால் அந்த ஊர்தான். வந்த புதிதில் ஹே ஜின் மைக் ஆனில் இருப்பது தெரியாமல் தோழியிடம் போனில் ஊர்க்காரர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவாள், ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டுவிடும், அடுத்த நாளிலிருந்து கிளினிக்கில் ஈ ஓட்ட வேண்டியதுதான். வாயைத் திறந்து ஒருவரும் திட்ட மாட்டார்கள், ஆனால் ஒரு ஆளும் பல்லைக் காட்ட வர மாட்டார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரேதான்டி"ன்னு சொன்னாங்க. அப்புறம் காம் ரி பாட்டி. கிம் யங் ஓக் நடித்திருக்கிறார். பல்வலியோடு கணவாய் மென்றுகொண்டு, தாடையில் திருகு இறக்கி வைக்கிற இம்ப்ளான்ட் பல் என்றதும் "இந்த வயசுக்கு மேல எனக்கெதுக்கு அவ்வளவு செலவு" என்று எழுந்து போகிற அந்த நடை இருக்கிறதே, எங்கள் ஆத்தாவை அப்படியே உட்கார வைத்து எழுதியிருப்பார்களோ என்று தோன்றியது.

உறுத்துவது டூ சிக் விஷயம். ஹே ஜின்னைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். சின்ன வயதில் அம்மா இறந்தது, அப்பாவோடு ஒட்டாதது, காசைப் பற்றி அவளுக்கு இருக்கிற பயம், எல்லாம் முதல் சில எபிசோடுகளிலேயே வந்துவிடுகிறது. இவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. 5 வருடம் ஊரில் இல்லை, எங்கே போனான் என்று ஊரே துப்பறிகிறது. காதல் தொடங்கிய பிறகும் வாயைத் திறக்க மாட்டான். புத்தகத்துக்குள் ஒரு போட்டோ அவள் கையில் கிடைக்கிறது, அதையும் சொல்ல மாட்டான். 14ஆம் எபிசோடு முடிகிற நேரத்தில் ஒரு பையன் கையால் அவனுக்கு ஒரு அடி விழுந்து, அடுத்ததில்தான் எல்லாம் கொட்டுகிறது. அவன் வேலை பார்த்த நிறுவனத்தின் ஃபண்டை நம்பிப் பணத்தை இழந்து உயிரை விடப் போன செக்யூரிட்டி, அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் விபத்தில் இறந்த அண்ணன் மாதிரியான நண்பர். இவ்வளவு பெரிய கனத்தைக் கடைசி வரை மூடி வைத்துவிட்டு இரண்டு எபிசோடில் அழுது தீர்த்துவிட்டார்கள். அதுவும் அடித்த பையன் ஊருக்கு வந்திருக்கிற டிவி ஷூட்டிங் குழுவில் இருப்பவன், அவன் அந்த செக்யூரிட்டியின் மகன். இறந்துபோனவரின் மனைவி அதே குழுவின் இயக்குநருக்குச் சொந்தம். எல்லோரும் ஒரே வேனில் வந்து இறங்கியிருக்கிறார்கள்!

என் கேள்வி இதுதான். இது எழுத்தின் பலவீனமா, இல்லை வேண்டுமென்றே செய்ததா? அண்ணி ஒருத்தருக்கு இதைப் பார்க்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன், அவருக்கு கிராஷ் லேண்டிங் ஆன் யூ ரொம்பப் பிடித்தது, இழுத்தால் பாதியில் எழுந்து போகிற ஆள்.

பல் பிடுங்குகிறவள் (திருச்செங்கோடு பக்கம்)

பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், நானும் அதே தொழில்தான். அதனால் காதலை விட்டுவிட்டு முதலில் பல்லைப் பற்றிப் பேசுகிறேன், கோவிச்சுக்காதீங்க.

அந்தப் பாட்டி காட்சி அச்சு அசல். எங்கள் பக்கம் வருகிற அம்மாயிகள் எல்லோரும் உள்ளே வரும்போதே முடிவோடுதான் வருவார்கள். "வேரு வைத்தியமெல்லாம் வேண்டாம் கண்ணு, புடுங்கி உட்று" என்பார்கள். ராத்திரியெல்லாம் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு, கன்னம் வீங்கினதுக்கு அப்புறம்தான் வருவார்கள். மகன் கூட வந்திருந்தால் அவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பார்கள், செலவைச் சொன்னதும் வலியே குறைந்துவிட்ட மாதிரி பேசுவார்கள். அந்தப் பார்வையைத் தொடரில் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். கொரியாவில் 65 வயதுக்கு மேலானவர்களுக்கு 2 இம்ப்ளான்ட் வரை அரசுக் காப்பீட்டில் வரும், 2016 ஜூலையிலிருந்து அந்த வயது வரம்பு, நோயாளி 30 சதவீதம் கட்டினால் போதும். அப்படி ஒரு நாட்டிலேயே ஒரு கிழவி செலவுக்கு யோசிக்கிறாள் என்று காட்டியது எனக்குப் பெரிதாகப் பட்டது. 2 பல்லோடு முடிகிற வாயா அது? மீதிக்குக் கையிலிருந்துதானே போடணும்.

தொடர் சொல்லாமல் தாண்டுவதும் உண்டு. தாடை எலும்பில் திருகை இறக்கினால் அது எலும்போடு ஒட்டிப் பிடிக்க மூன்றிலிருந்து ஆறு மாதம் போல ஆகும், அதற்கப்புறம்தான் மேலே பல் வைப்போம். தொடரில் நாள் ஓடுவதே தெரியாததால் வந்தாங்க போனாங்க என்று இருக்கிறது. அது போகட்டும், யாரும் பல் எலும்பைப் பார்க்கவா உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில். பாட்டி வைத்தியம் வேண்டாம் என்று கிளம்பியதும் டூ சிக் வந்து ஹே ஜின்னைப் பிடித்துக்கொள்கிறான், நீ ஏன் பேசிச் சம்மதிக்க வைக்கவில்லை என்று. ஏம்ப்பா, அவள் கடன் வாங்கி நாற்காலியும் மெஷினும் இறக்கி வைத்திருக்கிறாள், நோயாளி தானாக வேண்டாம் என்கிறார், கட்டாயப்படுத்தி வைத்தியம் பார்க்க மாட்டேன் என்றுதானே சியோல் வேலையையே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்? தொடர் முழுக்க இதே கதை. மைக் விவகாரத்திலும் அவளுக்குத்தான் உபதேசம், எல்லோருக்கும் வாழ்க்கை உன்னுது மாதிரி அமையாது என்று. அவள் தன் உழைப்பில் படித்து வந்தவள் என்பதை யாரும் அவளிடம் சொல்ல மாட்டார்கள். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்பது எப்போதும் அவள். அவன் எப்போதுமே சரி. கோபிக்காரி, நீங்கள் சொல்கிற ரகசியம் தள்ளிப்போனதை விட இதுதான் பெரிய ஓட்டை என்பேன். அவன் ஒரு இடத்திலாவது பிசகியிருந்தால் கடைசியில் உடையும்போது நமக்கும் வலித்திருக்கும்.

ஆனால் அண்ணிக்குச் சொல்லுங்கள், பார்க்கட்டும். முதல் 10 எபிசோடுக்காகவே பார்க்கலாம். 10ஆவதில் மழையில் நனைந்த கதாநாயகன் ஓடி வந்து சொல்வான் என்று நாம் காத்திருக்க, அவளேதான் முதலில் சொல்கிறாள், எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, நான் என்ன பண்ணட்டும் என்று. கல்யாணத்தைக் கேட்பதிலும் அவள்தான் முந்திக்கொள்கிறாள். அது வழக்கமாக வராது.

உடுமலைக்காரன்

டாக்டர் அக்கா சொன்னதில் பாதி சரி. மீதியில் சண்டைக்கு வருகிறேன்.

எனக்குக் காதல் பகுதி பிடித்தது, ஊர்தான் பிடிக்கவில்லை. எல்லோரும் ஊரைப் புகழ்கிறீர்கள், எனக்கு அது வெள்ளையடித்துத் துடைத்து வைத்த ஊராகத்தான் தெரிந்தது. தாய் தகப்பன் இல்லாமல் தாத்தாவும் போனபின் ஊரே வளர்த்த பையன், வெளியூரிலிருந்து தனியாக வந்த டாக்டர் பெண், இரண்டு பேரும் பேசிக்கொண்டு போகிறார்கள், ஊரே கூடி நின்று எப்ப கல்யாணம் என்று சந்தோஷமாகக் கேட்கிறது. நம்ம பக்கம் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "நீங்க எந்த ஊருங்க" என்று ஆரம்பித்து இரண்டாவது வாய்க் காபிக்குள் எந்தக் கூட்டம் (குலம்தான்), எந்தக் கோயில் என்று வந்து நிற்கும். கோங்ஜினில் வாடகை எவ்வளவு என்பதைத் தவிர அவளிடம் கஷ்டமான கேள்வி எதையும் யாரும் கேட்கவில்லை. அவள் அப்பாவும் சித்தியும் திடீரென்று வந்து இறங்கும்போதுதான் டூ சிக்கைக் கொஞ்சம் நோண்டுகிறார்கள், அதுவும் சிரிப்பாக முடிந்துவிடுகிறது.

அந்த நாம் சூக் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள், சீன ஓட்டல் வைத்திருப்பவர். ஊர் வம்பு மொத்தமும் அவர் வாயில்தான் பொழுது விடியும். நடுவில் போன் மோசடியில் பணத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார், அப்புறம் அவருக்கு ஒரு மகள் இருந்து இறந்துபோன கதை தெரியவரும், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னித்துவிட வேண்டும். நடிப்பு அருமை, குறை சொல்லவில்லை. ஆனால் வம்பு பேசுகிற எல்லோருக்கும் ஒரு சோகத்தை ஒட்டிவிட்டால் வம்பு நல்லதாகிவிடுமா? அந்த வாயால் ஊரை விட்டுக் கிளம்பிப் போனவர்களின் கதை எங்கே? கொரியாவின் கிராமங்களில் பெரும்பாலும் வயதானவர்கள்தான் மிச்சம் இருக்கிறார்கள் என்பது தெரிந்த சங்கதி. ஏன் கிளம்பினார்கள் என்பதில் வேலை மட்டும் இல்லை, இந்த மாதிரி பக்கத்து வீட்டு வாயும் இருக்கும்.

ரகசியம் விஷயத்துக்கு வருகிறேன். கோபிக்காரி அக்கா, தள்ளிப்போட்டதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன், கடைசியில் அதைச் சுருக்கியதுதான் தப்பு. அந்த செக்யூரிட்டி கதை நம்ம ஆட்களுக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்கும் புரியாது. 2012இல் ஈமு கோழிப் பண்ணை முதலீட்டு மோசடி எத்தனை குடும்பத்தைத் தின்றது? பெருந்துறைப் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பணம் கட்டினவர்கள் விளம்பரத்தைப் பார்த்து மட்டும் கட்டவில்லை, மச்சான் கட்டியிருக்கிறான், பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டியிருக்கிறார், மாசமாசம் பணம் வருதாம் என்று கேட்டுத்தான் கட்டினார்கள். மோசம் போனதும் கம்பெனிக்காரனைத் திட்டினார்கள் சரி, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது அந்த மச்சானிடம். எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒரு வீட்டில் இன்னமும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து கிடையாது. யோசனை சொன்னவன் மனசு என்ன பாடுபடும் என்பதற்கு டூ சிக்கை விட நல்ல ஆள் கிடைக்க மாட்டான். அந்த செக்யூரிட்டி பதறிப்போய் போன் செய்த நேரத்தில் இவன் வேலை மும்முரத்தில் அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறான். அந்த ஒரு போனை வைத்தே நாலு எபிசோடு எடுத்திருக்கலாம். அந்தக் குடும்பம் அதற்கப்புறம் எப்படிப் பிழைத்தது, அந்தப் பையன் டோ ஹா எந்த நிலைமையில் படித்தான், ஒன்றும் விரிவாக வராது. ஒரு குத்து, ஒரு அழுகை, முடிந்தது.

அப்புறம் அக்கா, அவன் எப்போதுமே சரி என்கிறீர்கள். இந்த ஒன்றில் அவன் சரியில்லை, அதனால்தான் மற்ற எல்லாவற்றிலும் சரியாக இருக்கப் பார்க்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். மணிக்கணக்குப் போட்டுக் கூலிக்கு மேல் காசு வாங்காததும் அதில் சேர்த்திதான்.

செக்கிங் டேபிள் (திருப்பூர்)

உடுமலையாரே, கடைசி வரி நல்லாயிருக்கு. அதை அவன் வாயால் ஒரு தடவை சொல்ல வைத்திருந்தால் நாங்கள் ஏன் இங்கே வந்து பேசப்போகிறோம்?

நான் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். பீஸைத் திருப்பி உள்பக்கம் பார்த்தால்தான் தையல் பிடித்திருக்கிறதா என்பது தெரியும், மேல்பக்கம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அப்படித் திருப்பிப் பார்த்தால் இந்தத் தொடரில் தையல் கெட்டியாக இருப்பது ஹ்வா ஜங், யங் குக் ஜோடிக்குத்தான். யாரும் இன்னும் அவங்களைப் பற்றிப் பேசவில்லையே, எப்படி?

ஹ்வா ஜங் மீன் ஓட்டல் நடத்துகிறாள், ஹே ஜின்னுக்கு வீட்டுக்காரம்மாவும் அவள்தான். புருஷன் அதே ஊர் அலுவலகத்தில் தலைவர். இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள், பையன் இருக்கிறான், தினமும் மூஞ்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஊர். ஏன் பிரிந்தாய் என்றால் சாக்ஸைத் திருப்பிக் கழட்டிப் போட்டான், அதனால்தான் என்பாள். ஊரே சிரிக்கும். அந்தக் காட்சி வருகிறபோது நானும் சிரித்தேன். உள்ளே உட்கார்ந்து சாக்ஸை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருக்கிற பொம்பளைக்குத்தான் அது தெரியும். அப்புறம்தான் வருகிறது, அவன் குடித்துவிட்டு நண்பனிடம், இவளை மனசில்லாமல் கட்டிக்கொண்ட மாதிரி பேசியதைக் கேட்டுவிட்டாள் என்று. அதை அவனிடம் சொல்லவே இல்லை. வருஷக்கணக்காகச் சொல்லவில்லை! சாக்ஸ் மேல் போட்டுவிட்டாள். அதற்கு நடுவில் சோ ஹீ டீச்சர் ஊருக்குத் திரும்பி வருகிறாள், அவனுக்கு அவள் மேல் பழைய ஆசை, ஆனால் அந்த டீச்சர் மனசில் இருந்தது ஹ்வா ஜங்தான் என்பது யாரும் எதிர்பாராத திருப்பம். கத்தாமல், கேலி பண்ணாமல் எடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் சீக்கிரமாக நகர்ந்துவிட்டார்கள் என்பதுதான் குறை.

இப்ப கோபிக்காரி கேள்விக்கு வருகிறேன். இங்கேயும் ரகசியம்தான், இதுவும் தள்ளித்தான் வருகிறது. ஏன் உறுத்தவில்லை? ஏனென்றால் அவள் மறைக்கிறாள் என்பது நமக்கு அவள் முகத்திலேயே தெரிகிறது. புருஷனைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கோபம் கொஞ்சம் வெளியே வருகிறது, வெங்காயம் நறுக்கும்போது வருகிறது, பையனைத் திட்டும்போது வருகிறது. டூ சிக் விஷயத்தில் கெட்ட கனவு, தூக்க மாத்திரை, ஒரு போட்டோ, இவ்வளவுதான் நமக்குக் காட்டுகிறார்கள். மீதி நேரமெல்லாம் கன்னக்குழியோடு திரிகிறான். அப்ப மறைக்கிறது அவனா, கதை எழுதினவங்களா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகம் வந்த இடத்தில்தான் எனக்கும் கையை விட்டுவிட்டது.

அந்த டிவி இயக்குநர் சங் ஹ்யூன் பாவம், நல்ல பையன். ஹே ஜின் மேல் காலேஜ் காலத்து ஆசை. சண்டை போடாத இரண்டாவது நாயகன், இரண்டு ஆம்பளைகளும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு திரிகிறார்கள். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் அவன் வந்து போவதால் கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. வேனில் ஆள் கொண்டுவந்து இறக்கியதுதான் அவன் செய்த வேலை. 😄

கோபிக்காரி

வேன் விஷயத்தைப் பிடித்துக்கொண்டீர்களே!

செக்கிங் அக்கா சொன்னதுதான் நான் தேடியது. மறைப்பது பாத்திரமா எழுத்தாளரா என்று எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது. டாக்டர் அக்கா சொன்ன மன்னிப்பு விவகாரத்தை அம்மாவிடம் சொன்னேன், "ஆமா, அந்தப் புள்ளையத்தான் எல்லாரும் திருத்துறாங்க"ன்னு ஒத்துக்கொண்டார்கள்.

உடுமலையாரே, எந்தக் கூட்டம் என்று கேட்காத ஊரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ள எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்களேன், அதையும் பிடுங்க வேண்டுமா. ஈமு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அம்மா ரொம்ப நேரம் பேசினார்கள், அதெல்லாம் இங்கே எழுத முடியாது.

டூ சிக் பெரியவர்களிடமும் மரியாதை இல்லாமல் ஒருமையில்தான் பேசுவானாம், ஹே ஜின் ஆரம்பத்தில் அவனிடம் எரிந்து விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். நம்ம ஊரில் நடந்து போகிற குழந்தையைக்கூட வாங்க போங்க என்போம், இவன் இங்கே பிறந்திருந்தால் ஒரு நாள் தாண்டியிருக்க மாட்டான்.

ஒரு சந்தேகம். இது ஏதோ பழைய படத்திலிருந்து எடுத்ததா? எங்கேயோ கேள்விப்பட்டேன்.

பவானி ஆத்தோரம்

ஆமாங்க. 2004இல் கிம் ஜூ ஹ்யுக், ஓம் ஜங் ஹ்வா நடித்து மிஸ்டர் ஹாங் என்று ஒரு கொரியப் படம் வந்தது, அதன் மறு உருவாக்கம்தான் இது. பல் டாக்டர், எல்லா வேலையும் செய்கிற ஹோங், கடலோர ஊர் எல்லாம் அங்கிருந்து வந்தவை. இரண்டு மணி நேரத்துக் கதையை 16 எபிசோடுக்கு நீட்டினால் எங்கேயாவது தொய்யும், அதை அடைக்கத்தான் இத்தனை ஊர்க்காரர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். அடைக்கப் போட்டதே மூலக்கதையைவிட நன்றாக அமைந்துவிட்டது, அதுதான் வேடிக்கை. கொரியாவில் பார்க்கிற ஆட்களும் கூடிக்கொண்டேதான் போனார்கள், முதல் எபிசோடு ரேட்டிங் 6 சதவீதத்துக்கு மேல், கடைசி 12 சதவீதத்தைத் தாண்டியது, கேபிள் சேனலுக்கு அது நல்ல எண்.

கோங்ஜின் என்று நிஜத்தில் ஊர் இல்லை. போஹாங் நகரத்தைச் சுற்றி எடுத்தார்கள். சோங்ஹா என்ற இடத்துச் சந்தைதான் தொடரில் வருகிற சந்தை. குன்று மேல் நிற்கிற படகைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. ஒரு கட்டத்தில் தயாரிப்புத் தரப்பே அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று, காம் ரி, ஹே ஜின், டூ சிக் வீடுகளெல்லாம் ஆட்கள் குடியிருக்கிற வீடுகள், தயவுசெய்து அங்கே போகாதீர்கள் என்று. கோபிக்காரங்களுக்குப் புதிதாக இருக்காது. உங்கள் ஊரைக் குட்டிக் கோடம்பாக்கம் என்று சொல்லிச் சொல்லியே கொடிவேரியில் குளிக்கப் போனால் கேமராவுக்கு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த காலம் உண்டுதானே.

காம் ரி பாட்டி சாவை யாரும் தொடவில்லையே. எனக்கு அந்தப் பகுதிதான் மொத்தத் தொடரையும் தூக்கி நிறுத்தியது. முந்தின ராத்திரி கூட்டாளிகள் இரண்டு பேரோடு வரிசையாகப் படுத்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தூக்கத்திலேயே போய்விடுகிறார். எழவு வீட்டில் ஊரே சாப்பிட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறது. டூ சிக் அழாமலேயே வேலை பார்த்துக்கொண்டிருப்பான், பந்தி எடுத்து வைப்பான், வருகிறவர்களைக் கவனிப்பான். அப்புறம் அவர் கொடுத்துவிட்டுப் போன சோளப் பெட்டிக்குள் கடிதம் கிடைக்கும். இதுவரை சொல்லாத எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கேதான் அழுகிறான். உடுமலைக்காரர் ஒரு அழுகை, முடிந்தது என்று எழுதியிருக்கிறார், அந்த ஒரு அழுகைக்குத்தான் 15 எபிசோடு ஓட்டினார்கள் என்று நான் சொல்வேன்.

உடுமலைக்காரன்

பாட்டி கடிதம் நல்ல காட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அழுகை பாட்டிக்காக. செக்யூரிட்டி குடும்பத்துக்கு யார் அழுதது? பெரிய இழவு ஒன்றைக் கொண்டுவந்து சின்ன இழவை மூடிவிட்டார்கள்.

பல் பிடுங்குகிறவள் (திருச்செங்கோடு பக்கம்)

உடுமலை தம்பி, நீங்கள் எபிசோடுக்கு எபிசோடு கணக்குக் கேட்கிறீர்கள், உங்களுக்குச் சிட்பண்ட் நடத்துகிற மூளை. 😄 பவானி சொன்னதில் எனக்கு ஒன்று மட்டும் இடிக்கிறது. அங்கேயும் அவனை அழ வைக்க ஒரு கிழவி சாக வேண்டியிருக்கிறது. உயிரோடு இருக்கிற ஹே ஜின்னிடம் போட்டோவைப் பற்றி ஒரு வாய் பேசியிருக்கலாம். அவள் கேட்டாள்தானே, என் மேல் நம்பிக்கை இல்லையா என்று. கேட்கிற ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கோபிக்காரி, அண்ணிக்கு என்ன சொன்னீர்கள்?

கோபிக்காரி

பார்க்கச் சொல்லிவிட்டேன். ஹ்வா ஜங்கை மட்டும் கவனித்துப் பாருங்க அண்ணி, ஹீரோவைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்றேன். 13 வரைக்கும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்க, மீதியைச் சேர்ந்து பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

செக்கிங் டேபிள் (திருப்பூர்)

13இல் நிறுத்தச் சொன்னால் யாருங்க நிறுத்துவாங்க? நாளைக்குக் காலையில் கண் வீங்கிப் போய் போன் பண்ணுவாங்க பாருங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு இங்கே வந்து போடுங்க, உடுமலையார் பக்கமா டாக்டரம்மா பக்கமான்னு தெரிஞ்சுக்கணும்.